ஃபார்ம் 540-ஐத் திறந்து வையுங்கள்: பாதுகாப்பு அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

பாதுகாப்பு அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவுக்கும், விமானப்படைத் தலைமையகத்தில் வீரதீர விருதுகளைக் கையாளும் அதிகாரிகளுக்கும், வணக்கம்.

என் அப்பா விமானப்படையில் ஆர்மமென்ட் ஃபிட்டர். போர் விமானத்தின் பீரங்கிக்குக் குண்டு ஏற்றுவது, வெடிகுண்டு மாட்டுவது, ராக்கெட் பொருத்துவது எல்லாம் அவர் வேலை. ஒருநாளும் அவர் விமானியின் இருக்கையில் உட்கார்ந்து பறந்ததில்லை. ஆனாலும் ஒரு போர் விமானியின் வீரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அவர் சொல்லித் தெரிந்ததுதான்.

1971 டிசம்பரில் மேற்கு எல்லைப் பக்கம் ஒரு தளத்தில் சுகோய்-7 விமானங்களோடு இருந்தார். ஒவ்வொரு முறை கிளம்பும் முன்னும் விமானி ஃபார்ம் 700 என்ற பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு முன்பே என்ஜின்காரர், எலக்ட்ரிக்கல்காரர், ஆர்மமென்ட்காரர் என்று தரையில் வேலை பார்த்தவர்கள் வரிசையாகப் போட்டிருப்பார்கள். "நான் பார்த்துவிட்டேன், சரியாக இருக்கிறது என்று நாங்கள் போடுவோம். உங்களை நம்பி ஏறுகிறேன் என்று அவர் போடுவார்" என்பார் அப்பா. ஒருநாள் காலையில் நான்கு விமானங்கள் போயின. மூன்று வந்தன. நான்காவதற்காக, அடுத்த சுற்றுக்கான குண்டுச் சரங்களைப் பெட்டியோடு எடுத்துவைத்துக்கொண்டு அப்பா நின்றிருந்தார். எரிபொருள் எத்தனை நிமிடம் தாங்கும் என்பது தரையில் நிற்கிற எல்லோருக்கும் மனக்கணக்காகத் தெரியும். அந்த நேரம் தாண்டிய பிறகு யாரும் கைக்கடிகாரத்தைப் பார்க்க மாட்டார்களாம். சாயங்காலம் அந்தக் குண்டுகளை ஒவ்வொன்றாக எண்ணி, ஸ்டோரில் திரும்ப ஒப்படைத்து, அதற்கும் ஒரு கையெழுத்துப் போட்டார். அந்த விமானத்தின் ஃபார்ம் 700-ஐ ஓர் அதிகாரி வந்து சீல் வைத்து எடுத்துக்கொண்டு போனார்.

அந்த விமானிக்கு என்ன ஆயிற்று, கடைசி நிமிடங்களில் என்ன செய்தார் என்பது அப்பாவுக்குச் சாகும்வரை தெரியவில்லை. அந்தக் குடும்பத்துக்காவது தெரிந்திருக்குமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கும் அந்தக் கேள்வி விட்டுப்போகவில்லை. அதனால்தான், ஒவ்வொரு ஸ்குவாட்ரனும், அதாவது விமானப்படையின் ஒவ்வொரு விமான அணியும், நாள்தோறும் எழுதிவைக்கும் ஃபார்ம் 540 பதிவேட்டைத் திறந்து வையுங்கள் என்று கேட்டு இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

காலாட்படையில் ஒருவர் எதிரியின் பதுங்குகுழியை நோக்கிப் பாய்ந்தால் பக்கத்தில் இருக்கும் பத்துப் பேர் பார்க்கிறார்கள். அவர் இறந்துவிட்டாலும் அந்தப் பத்தில் நான்கு பேராவது மலையிலிருந்து இறங்கிவந்து சொல்கிறார்கள். ஒற்றை இருக்கைப் போர் விமானத்தில் இருப்பவரின் நிலைமை வேறு. எதிரியின் வானத்தில், தரையை உரசும் உயரத்தில், வானொலியைப் பேசவிடாமல் மூடிவைத்துக்கொண்டு போகிறவர் என்ன செய்தார் என்று பார்க்கப் பெரும்பாலும் ஆள் இருப்பதில்லை. துப்பாக்கியோடு இணைந்த கேமராவில் படம் பதிவாகும். விமானம் திரும்பாவிட்டால் அந்தப் படச்சுருளும் திரும்பாது. பார்த்த ஒரே ஆள் எதிரி விமானியாக இருப்பார். அவர் வாய் திறக்காவிட்டால் நம் பதிவேட்டில் "திரும்பவில்லை" என்ற ஒரு சொல்தான் மிஞ்சும்.

அஜ்ஜமாட பொப்பய்ய தேவய்யாவுக்கு 23 ஆண்டுகள் அந்த ஒரு சொல்தான் மிஞ்சியிருந்தது.

உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். காவிரி பிறக்கும் குடகில் 1932-இல் பிறந்தவர் தேவய்யா. 1954-இல் விமானியாக விமானப்படையில் சேர்ந்தார். 1965 போர் மூண்டபோது பயிற்றுநராக இருந்தவரைப் பஞ்சாபில் ஆதம்பூரில் இருந்த ஒன்றாம் ஸ்குவாட்ரனுக்கு அனுப்பினார்கள். இந்திய விமானப்படையின் முதல் ஸ்குவாட்ரன் அது. 1933 ஏப்ரல் 1 அன்று கராச்சியில் தொடங்கப்பட்டது. 1965-இல் அவர்களிடம் இருந்தது பிரான்ஸில் செய்த மிஸ்டேர் விமானம். நேர்மட்டத்தில் ஒலியின் வேகத்தைத் தாண்டாத விமானம்.

செப்டம்பர் 6 மாலையில் பாகிஸ்தான் விமானங்கள் பதான்கோட் தளத்தைத் தாக்கி, தரையில் நின்றுகொண்டிருந்த நம் விமானங்களை எரித்தன. மறுநாள் விடியலில் பதிலடி. ஆதம்பூரிலிருந்து பன்னிரண்டு மிஸ்டேர்கள் பாகிஸ்தானின் மிக முக்கியமான தளமான சர்கோதாவுக்குப் போக வேண்டும். விங் கமாண்டர் ஓ.பி. தனேஜா தலைமை. மிஸ்டேரின் எரிபொருளுக்கு சர்கோதா ஏறக்குறைய எட்டாத தூரம். போய் அடித்துவிட்டு நேராகத் திரும்பத்தான் போதும். வழியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தால் வீடு வந்து சேர முடியாது.

அந்தப் பன்னிரண்டு பேரில் தேவய்யா இல்லை. அவர் ரிசர்வ். யாருடைய விமானமாவது கடைசி நேரத்தில் மக்கர் செய்தால் அந்த இடத்தை நிரப்ப வேண்டியவர். அப்படி ஓர் இடம் காலியானது. இருட்டில் ஏறிப்போய், முன்னே போனவர்களைப் பிடிக்கக் கிளம்பினார்.

சர்கோதாவை அடித்துவிட்டுத் திரும்பும் வழியில் ஒரு ஸ்டார்ஃபைட்டர் அவர்கள் மீது பாய்ந்தது. அமெரிக்கா கொடுத்த எஃப்-104. ஒலியைப்போல இரண்டு மடங்கு வேகம். ஆள் உட்கார்ந்திருக்கும் ஏவுகணை என்றே அதற்குப் பட்டப்பெயர். ஓட்டியவர் பாகிஸ்தான் விமானப்படையின் ஃபிளைட் லெப்டினன்ட் அம்ஜத் ஹுசேன் கான். அவர் தேவய்யாவின் மிஸ்டேரை அடித்தார். அது விழவில்லை. அடிபட்ட விமானத்தை வைத்துக்கொண்டு வீட்டை நோக்கித் திருப்ப முயன்றிருக்கலாம், குதித்திருக்கலாம். தேவய்யா இரண்டையும் செய்யவில்லை. அந்த ஸ்டார்ஃபைட்டரை எதிர்த்துத் திரும்பினார். தரைக்கு மிக அருகில் நடந்த அந்தச் சண்டையில் வேகம் ஸ்டார்ஃபைட்டருக்கு உதவவில்லை. மிஸ்டேரின் 30 மில்லிமீட்டர் பீரங்கி அதை வீழ்த்தியது. அம்ஜத் ஹுசேன் குதித்து உயிர் தப்பினார். தேவய்யாவின் விமானம் அங்கேயே விழுந்தது. அவருக்கு வயது 32.

அன்று கூடப் பறந்தவர் யாரும் இதைப் பார்க்கவில்லை. மங்கிய வெளிச்சம். ஒவ்வொருவரும் தன் விமானத்தைத் தரையிலிருந்து சில மீட்டர் உயரத்தில் வைத்திருப்பதே பெரும்பாடாக இருந்த நேரம். ஆதம்பூரில் ஒரு விமானத்தின் இடம் காலியாக இருந்தது. "காணவில்லை" என்று வீட்டுக்குச் செய்தி போனது. மனைவி சுந்தரி தேவய்யா அந்தச் சொல்லோடு குழந்தைகளை வளர்த்தார்.

உண்மை எப்படி வெளியே வந்தது? பாகிஸ்தான் விமானப்படையின் ஒத்துழைப்போடு ஜான் ஃப்ரிக்கர் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர் அந்த வான்போரைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1979-இல் வெளிவந்தது. அதில்தான் சர்கோதா அருகே ஒரு ஸ்டார்ஃபைட்டர் ஒரு மிஸ்டேரோடு சண்டையிட்டு விழுந்த விவரம் இருந்தது. அந்த விடியல் தாக்குதலிலிருந்து ஆதம்பூருக்குத் திரும்பாத மிஸ்டேர் ஒன்றே ஒன்று. கணக்கு அங்கேதான் நேரானது. அதற்குப் பிறகும் ஒன்பது ஆண்டுகள் ஆயின. 1988-இல் அவருக்கு மகாவீர் சக்ரா அறிவிக்கப்பட்டது. சுந்தரி தேவய்யா வாங்கிக்கொண்டார்.

இதில் இன்னொரு விஷயம் என்னைத் தூங்கவிடாது. அதே அம்ஜத் ஹுசேன், விங் கமாண்டராகி, 1971 டிசம்பர் 5 அன்று அமிர்தசரஸை ஸ்டார்ஃபைட்டரில் தாக்க வந்தபோது நம் விமான எதிர்ப்புப் பீரங்கியால் வீழ்த்தப்பட்டுப் போர்க்கைதியானார். தேவய்யாவின் கடைசி நிமிடங்களைக் கண்ணால் பார்த்த ஒரே மனிதர், மாதக்கணக்கில் நம் நாட்டில், நம் காவலில் இருந்தார். பதக்கம் வந்தது 1988-இல்.

இதற்காக எந்தத் தனி அதிகாரியையும் குறை சொல்ல இந்த மடலை எழுதவில்லை. 1988-இல் அந்தக் கோப்பைத் திறந்து, இத்தனை காலத்துக்குப் பிறகா என்று தட்டிக்கழிக்காமல், எதிரி நாட்டுத் தகவலை நம் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்து, சரி என்று தெரிந்ததும் நாட்டின் இரண்டாவது உயரிய போர்க்கால விருதைக் கொடுத்தவர்களுக்கு நான் கை கூப்புகிறேன். என் வருத்தம் எல்லாம் அந்த வேலை ஒரு வெளிநாட்டு எழுத்தாளரின் புத்தகத்தால் தற்செயலாகத் தொடங்கியதே என்பதுதான். அந்தப் புத்தகம் வராமல் போயிருந்தால்?

வேறொரு மரணத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். 1971 டிசம்பர் 14, ஸ்ரீநகர். ஃபிளையிங் ஆபீசர் நிர்மல்ஜித் சிங் செகோன். பதினெட்டாம் ஸ்குவாட்ரனின் நேட் விமானம். காஷ்மீரில் போர் விமானங்களை நிறுத்துவதில்லை என்ற பழைய ஏற்பாட்டால், அந்தக் குளிரும் உயரமும் அந்த விமானிகளுக்கு முற்றிலும் புதிது. பெஷாவரிலிருந்து வந்த சேபர் விமானங்கள் ஓடுபாதையில் குண்டு போட்டுக்கொண்டிருக்கும்போதே, புகையும் புழுதியும் அடங்குவதற்குள் செகோன் ஏறினார். தன்னைவிட எண்ணிக்கையில் பல மடங்கு அதிகமான சேபர்களுக்கு நடுவே தனியாகச் சண்டை போட்டு விழுந்தார். விமானத்தின் சிதறல்கள் பள்ளத்தாக்கில் கிடைத்தன. உடல் கிடைக்கவில்லை. அவருக்குப் பரம்வீர் சக்ரா. இதுவரை அதைப் பெற்ற 21 பேரில் விமானப்படையைச் சேர்ந்தவர் அவர் ஒருவர்தான்.

செகோனின் வீரமும் தேவய்யாவின் வீரமும் எடை போட்டுப் பார்க்கிற சமாச்சாரம் இல்லை. நான் கவனிப்பது வேறு. செகோன் விழுந்தது நம் வானத்தில், நம் தளத்துக்கு மேலே. கீழே ஒரு தளமே நிமிர்ந்து பார்த்தது. வானொலியில் குரல் கேட்டது. போதாததற்கு, அவரை வீழ்த்தியதாகச் சொல்லப்படும் பாகிஸ்தான் விமானி சலீம் பெய்க் மிர்சாவே பிற்காலத்தில் அவருடைய சண்டையைப் புகழ்ந்து எழுதினார். சாட்சி இருந்ததால் உடனே கதை நிலைத்துவிட்டது. தேவய்யாவுக்கு சாட்சி எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தது.

செகோனின் அந்தப் பதினெட்டாம் ஸ்குவாட்ரன் தேஜஸ் விமானங்களோடு மறுபடி செயலுக்கு வந்தது கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் சூலூரில்தான். 2020 மே 27. சூலூரைக் கடந்து திருச்சி ரோட்டில் தினமும் வேலைக்குப் போகிற எத்தனை பேருக்கு அந்த ஸ்குவாட்ரனின் பெயர் எந்த விடியலில் எழுதப்பட்டது என்று தெரியும்? மக்களைக் குறை சொல்ல முடியாது. யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

இன்னும் கிட்டத்தில் வந்தால், 2019 பிப்ரவரி 27. காஞ்சிபுரம் பக்கத்துத் திருப்பணமூரைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தின் பிள்ளை, விங் கமாண்டர் அபிநந்தன் வர்த்தமான். மிக்-21 பைசன் வீழ்த்தப்பட்டு எல்லைக்கு அப்பால் இறங்கியதிலிருந்து, மார்ச் 1 இரவு வாகா வழியாக நடந்து வந்தது வரைக்கும் கோடிக்கணக்கான பேர் கைப்பேசியில் பார்த்தார்கள். அந்த ஆகஸ்டிலேயே வீர் சக்ரா அறிவிக்கப்பட்டது. எங்கள் தெருவில் பட்டாசு வெடித்தார்கள். நானும் அழுதேன். ஆனால் அன்று வானத்தில் நடந்தது என்ன என்பதில் இரு நாடுகளும் இன்றைக்கும் இருவேறு கணக்குச் சொல்கின்றன. இத்தனை ராடாரும் கேமராவும் இருக்கும் காலத்திலேயே இப்படி என்றால், 1965-இன் விடியல் இருட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

இங்கேதான் உங்கள் மேஜைக்கு வருகிறேன்.

ஒவ்வொரு ஸ்குவாட்ரனும் நாள்தோறும் எழுதிவைக்கும் நடவடிக்கைப் பதிவேடு இருக்கிறது. ஃபார்ம் 540. யார் பறந்தார், எத்தனை மணிக்கு ஏறினார், என்ன வேலை, திரும்பினாரா. அதோடு போர்க்காலத்தில் விமானிகள் இறங்கியதும் எழுதிக்கொடுத்த மோதல் அறிக்கைகள். இவைதான் ஒரு போர் விமானியின் வீரத்துக்கு நம்மிடம் இருக்கும் மூலச் சாட்சிகள். பதக்கத்தோடு வாசிக்கப்படும் பாராட்டுரை இதிலிருந்து சுருக்கிப் பிழிந்த ஒரு பத்திதான்.

2021 ஜூனில் உங்கள் அமைச்சகமே ஒரு நல்ல கொள்கையை அறிவித்தது. பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் ஒப்புதல் கொடுத்தார். போர் நாட்குறிப்புகளும் நடவடிக்கைப் பதிவேடுகளும் வரலாற்றுப் பிரிவுக்கு வந்துசேர வேண்டும், சாதாரணமாக 25 ஆண்டுகளில் அவற்றின் ரகசிய முத்திரை நீக்கப்பட வேண்டும், இனி நடக்கும் போருக்கும் நடவடிக்கைக்கும் இரண்டு ஆண்டுகளில் குழு அமைத்து அடுத்த மூன்று ஆண்டுகளில் வரலாறு தொகுக்கப்பட வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. நம் திருச்சிக்காரர் கே. சுப்ரமணியம் தலைமையில் இருந்த கார்கில் ஆய்வுக் குழு கேட்டதும் ஏறக்குறைய இதைத்தான். அந்த அறிவிப்பைப் படித்த அன்று அப்பா உயிரோடு இல்லையே என்று இருந்தது.

25 ஆண்டு என்ற கணக்கில் 1965-இன் தாள்கள் 1990-லேயே திறந்திருக்க வேண்டும். 1971-இன் தாள்கள் 1996-இல். ஆனால் உங்கள் கொள்கையிலேயே ஒரு கொக்கி இருக்கிறது. வரலாறு தொகுத்து முடித்த பிறகுதான் பழைய ஆவணங்கள் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போகும் என்கிறது அது. தொகுப்பது தாமதமானால் திறப்பதும் தாமதமாகும். இதைப் பிரித்துவிடுங்கள் என்பதுதான் என் முதல் வேண்டுகோள். நீங்கள் வரலாறு எழுதும் வேகத்தில் எழுதுங்கள். தாள்கள் காத்திருக்க வேண்டாம். தாள் காத்திருந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். கொல்கத்தாவில் இருக்கும் ராணுவக் கிழக்குக் கட்டளைத் தலைமையகத்தின் 1971 போர்க் கோப்புகள் பல அழிக்கப்பட்டுவிட்டன என்று 2010-இல் செய்தி வந்தபோது நாடே திகைத்தது. நாம் வென்ற போரின் கோப்புகள் அவை.

தாள்களைத் திறந்தால் சில பெருமைகள் குறையுமே என்ற தயக்கம் உங்களில் சிலருக்கு இருக்கலாம். அதை நான் புரிந்துகொள்கிறேன். 1965 செப்டம்பர் 3 அன்று டிரெவர் கீலர் நேட் விமானத்திலிருந்து ஒரு சேபரை வீழ்த்தியதாக அறிவிக்கப்பட்டு வீர் சக்ரா பெற்றார். அந்த சேபர் வாலில் அடிபட்டபடியே தளம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று பாகிஸ்தான் தரப்பு சொல்கிறது. அப்படியே இருக்கட்டும். பெரிய விமானத்தை எதிர்த்து அந்தச் சின்ன விமானத்தில் பாய்ந்து நெருங்கி அடித்தது பொய்யாகிவிடுமா? எதிரி விமானம் விழுந்ததா, நொண்டிக்கொண்டே வீடு போனதா என்பது புள்ளிக்கணக்கு. வீரம் அந்தக் கணக்கில் இல்லை. தன் அண்ணன் டென்ஸிலும் அதே போரில் வீர் சக்ரா வாங்கிய அந்த வீட்டின் மானம் ஒரு தாளில் கரைந்துபோகாது.

மறுபக்கமும் பாருங்கள். தேவய்யா விழுந்த அதே செப்டம்பர் 7, அதே சர்கோதா. பாகிஸ்தானின் முகம்மது மஹ்மூத் ஆலம் ஒரு நிமிடத்துக்குள் ஐந்து ஹன்டர் விமானங்களை வீழ்த்தினார் என்று அந்த நாட்டில் இன்றைக்கும் கொண்டாடுகிறார்கள். நம் தரப்பு அந்த எண்ணிக்கையை ஏற்பதில்லை. சரி, ஏற்காததை எதை வைத்துச் சொல்வது? அன்றைக்கு நம் ஹல்வாரா தளத்திலிருந்து எத்தனை ஹன்டர் ஏறியது, எத்தனை இறங்கியது, வால் எண் என்ன, யார் ஓட்டினார் என்ற பதிவேட்டுப் பக்கத்தைக் காட்டித்தானே சொல்ல முடியும். அந்தப் பக்கத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு வாதாடினால் யார் நம்புவார்கள்? உண்மை நம் பக்கம் இருக்கும்போதுகூட நாம் வாய்ப்பேச்சாகவே பேசிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்தது, ஆட்கள். 1971-இல் இருபத்தைந்து வயதாக இருந்த விமானிக்கு இன்று எண்பதை ஒட்டி வயது. 1965-இல் பறந்தவர்களில் மிகச் சிலரே இருப்பார்கள். இரண்டு முறை மகாவீர் சக்ரா பெற்ற ஜக் மோகன் நாத் 2023-இல் காலமானார். 1962 போருக்கு முன்பே கான்பரா விமானத்தில் திபெத்துக்கும் அக்சாய் சின்னுக்கும் மேலே போய் சீனப்படையின் நடமாட்டத்தைப் படம் எடுத்து வந்தவர் அவர். ரகசியப் பணி. வீட்டில்கூடச் சொல்ல முடியாத வேலை. அப்படிப்பட்ட ஒருவர் மனதில் இருந்தது எவ்வளவோ இருந்திருக்கும். பாராட்டுரையின் ஒரு பத்தியில் எவ்வளவு வரும்?

வரலாற்றுப் பிரிவில் ஒரு சின்ன அறை போதும். இரண்டு மூன்று பேர், ஒலிப்பதிவுக் கருவி, பயணப்படி. எஞ்சியிருக்கும் விமானிகளை வீடுவீடாகப் போய்க் கேளுங்கள். விமானிகளை மட்டும் கேட்டால் போதாது, தரைப்பணியாளர்களையும் கேளுங்கள். என் அப்பாவைப்போலப் பல ஆயிரம் பேர் ஓய்வுபெற்று ஊர்ப்புறங்களில் இருக்கிறார்கள். விமானம் எத்தனை ஓட்டைகளோடு திரும்பியது, பீரங்கியில் எத்தனை குண்டு மிச்சம் இருந்தது, இறங்கும்போது விமானியின் முகம் எப்படி இருந்தது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். பீரங்கியைத் திறந்து மிச்சக் குண்டை எண்ணினாலே அவர் சண்டை போட்டாரா, எத்தனை நொடி சுட்டார் என்று சொல்லிவிடலாம் என்பார் அப்பா. அதுவும் சாட்சிதான். அவரிடம் யாரும் ஒருநாளும் கேட்டதில்லை.

கேட்டுச் சேர்த்ததை எதிர்த்தரப்பு வெளியிட்டவற்றோடு ஒப்பிடுங்கள். பாகிஸ்தான் விமானப்படையில் ஓய்வுபெற்றவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். அவர்களுடைய இழப்புக் கணக்கில் விளக்கம் இல்லாமல் நிற்கும் ஒவ்வொரு விமானத்துக்கும், நம் பக்கம் "திரும்பவில்லை" என்று நிற்கும் ஒவ்வொரு பெயருக்கும் நடுவே ஏதாவது முடிச்சு இருக்கிறதா என்று பார்க்க ஓர் ஆள் நிரந்தரமாக இருக்க வேண்டும். 1988-இல் ஒருமுறை செய்த காரியத்தை வழக்கமான வேலையாக மாற்றுங்கள் என்றுதான் கேட்கிறேன். தேடியும் யாருக்கும் புதிதாகப் பதக்கம் கொடுக்க வேண்டியதில்லை என்று முடிந்தாலும் பரவாயில்லை. என்ன நடந்தது என்று அந்தந்த வீட்டுக்கு எழுதுங்கள். போரில் காணாமற்போய், பாகிஸ்தான் சிறையில் இருக்கலாம் என்று நம்பப்பட்ட நம் வீரர்கள் ஐம்பத்து நான்கு பேரின் பெயர்ப்பட்டியலை இன்றைக்கும் மடித்துப் பத்திரமாக வைத்திருக்கும் வீடுகள் இருக்கின்றன. மகாவீர் சக்ராவுக்கு மாதம் 10,000 ரூபாய் படி கொடுக்கிறீர்கள், நல்லது. ஆனால் அந்த வீடுகளில் யாரும் பணத்தைக் கேட்டு உட்கார்ந்திருக்கவில்லை.

கடைசியாக மொழி. வீரதீர விருதுகளுக்கென்று அரசு ஓர் இணையதளம் வைத்திருக்கிறது. நல்ல முயற்சி. என் அண்ணன் மகள் எட்டாம் வகுப்பு. அவளுக்கு செகோனைப் பற்றிப் படிக்கக் கொடுக்கலாம் என்று அந்தப் பாராட்டுரையை ஆங்கிலத்தில் எடுத்தேன். அலுவலக ஆங்கிலம். அவள் இரண்டு வரி படித்துவிட்டு, "அத்தை, அவர் ஜெயிச்சாரா இல்லையா?" என்று கேட்டாள். நான் உட்கார்ந்து தமிழில் சொன்னேன். குண்டு விழுந்துகொண்டிருக்கும் ஓடுபாதையில் விமானத்தைக் கிளப்புவது என்றால் என்ன என்று விளக்கினேன். நீள ஸ்கேலை ஓடுபாதையாக வைத்து, அழிப்பானை விமானமாக ஓட்டி, அவளே இரண்டு தடவை செய்து பார்த்தாள். அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அவங்க அம்மாவுக்கு யார் போய் சொன்னாங்க?" என்றாள்.

பரம்வீர் சக்ராவும் மகாவீர் சக்ராவும் பெற்றவர்களின் பாராட்டுரைகளையாவது தமிழிலும் மற்ற இந்திய மொழிகளிலும் கொடுங்கள். இயந்திரத்தில் போட்டு எடுத்த மொழிபெயர்ப்பாக வேண்டாம், படிக்கிற மாதிரி எழுதிக் கொடுங்கள். அந்தந்த ஸ்குவாட்ரனில் இருந்தவர்களையே வைத்து எழுதலாம். தமிழ் தெரிந்தவர்கள் எல்லாப் பிரிவிலும் இருக்கிறார்கள். தாம்பரத்திலும் சூலூரிலும் தஞ்சாவூரிலும் தளம் வைத்திருக்கும் விமானப்படைக்கு இதற்கு ஆள் கிடைக்காமல் போகாது.

இத்தனையும் ஒரே நாளில் நடக்காது என்று எனக்குத் தெரியும். கோப்புகள் லட்சக்கணக்கில் இருக்கும், ஆட்கள் குறைவாக இருப்பார்கள், ஒவ்வொரு தாளையும் யாராவது படித்துப் பார்த்துத்தான் வெளியே விட வேண்டும். அதனால் ஒன்றே ஒன்றிலிருந்து தொடங்கச் சொல்கிறேன். ஒன்றாம் ஸ்குவாட்ரன், ஆதம்பூர், 1965 செப்டம்பர் மாதத்து ஃபார்ம் 540. சில பக்கங்கள்தான் இருக்கும். அதில் 7-ஆம் தேதிக்கு நேரே தேவய்யா கிளம்பிய நேரம் எழுதியிருக்கும், இறங்கிய நேரத்துக்கான கட்டம் காலியாக இருக்கும். அந்தப் பக்கத்தை ஸ்கேன் செய்து எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள். அதற்கு அடுத்த பக்கத்தில் 1988-இன் விருது அறிவிப்பை வையுங்கள்.

அது முடிந்ததும், 1971 டிசம்பர் மாதத்து சுகோய்-7 ஸ்குவாட்ரன்களின் பக்கங்களையும், அன்று சீல் வைத்து எடுத்துப்போன ஃபார்ம் 700-ஐயும் திறக்கும்போது எனக்கு ஒரு வரி எழுதிப்போடுங்கள். நான்கு போய் மூன்று வந்த ஒரு காலை அதில் எங்கோ இருக்கிறது. அப்பாவின் கையெழுத்தை எனக்கு அடையாளம் தெரியும். அதற்குக் கீழே இருக்கும் பெயரைப் படிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓர் ஆர்மமென்ட் ஃபிட்டரின் மகள்